தண்ணீர்விட்டான் கிழங்கு போட்டதும் எம்சிஎஃப்-7 செல் கூடியது: அது ஈஸ்ட்ரோஜன் வேலைதானா?

மதுரையில் எம்.எஸ்சி. உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் ஒருவரின் கேள்வி, சுருக்கமாக: மாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தண்ணீர்விட்டான் கிழங்கை மெத்தனாலில் ஊறவைத்து எக்ஸ்ட்ராக்ட் எடுத்தேன். எம்சிஎஃப்-7 செல்லில் (ஈஸ்ட்ரோஜனுக்குப் பெருகும் மார்பகப் புற்றுச் செல்) போட்டு 48 மணி நேரம் கழித்து எம்டிடி (உயிருள்ள செல்லை நிறமாற்றத்தால் மதிப்பிடும் சோதனை) பார்த்தேன். 25 மைக்ரோகிராம்/மி.லி. அளவில் கண்ட்ரோலைவிடக் கூடி 128% வந்தது, 200 மைக்ரோகிராமில் 60% ஆகக் குறைந்தது. மீடியம் (செல் வளரும் சத்து நீர்) வழக்கமான டிஎம்இஎம், 10% சீரம். "இந்தக் கிழங்கு ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்கிறது, தாய்ப்பால் சுரக்க இதுவே காரணம்" என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

எழுத வேண்டாம். இரண்டாவது பாதியை எப்போதுமே எழுத வேண்டாம், அதைக் கடைசியில் சொல்கிறேன். முதல் பாதியை எழுதும் நிலைக்கு வரலாம், ஆனால் இந்த பிளேட் அதற்குப் பயன்படாது. 128 என்ற எண்ணுக்குக் கிழங்கில் உள்ள ஈஸ்ட்ரோஜன் போன்ற பொருள் காரணமாக இருக்கலாம். எம்டிடி காட்டிய மாயமாகவும் இருக்கலாம். கிழங்கில் உள்ள சர்க்கரையோ வேறு வளர்ச்சிப் பொருளோ செய்த வேலையாக இருக்கலாம், வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட அசுத்தமாகவும் இருக்கலாம். நீங்கள் வைத்த கண்ட்ரோல் இவற்றில் ஒன்றைக்கூடப் பிரித்துக் காட்டாது.

முதலில் மீடியம். எம்சிஎஃப்-7 செல் எவ்வளவு குறைந்த ஹார்மோனுக்கு அசைந்து கொடுக்கும் என்பது மனதில் பதிந்துவிட்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும். உடம்பின் முதன்மை ஈஸ்ட்ரோஜனான 17-பீட்டா-எஸ்ட்ராடியாலுக்கு இந்தச் செல்லின் பாதி அளவு துலங்கல் 10 பிகோமோலார் சுற்றுவட்டாரத்தில் வந்துவிடும். எஸ்ட்ராடியாலின் மூலக்கூறு எடை 272.4. ஆகவே 10 பிகோமோலார் என்றால் ஒரு லிட்டருக்கு 2.7 நானோகிராம். கோடைகாலத்தில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிகிராம் எஸ்ட்ராடியாலைக் கரைத்தால் அப்படிப்பட்ட 30 லாரித் தண்ணீரை இந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். கன்றுக்குட்டிச் சீரத்தில் இயற்கையாகவே ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உண்டு. 10% சீரம் ஊற்றினால், பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறுபடும் ஏதோ ஓர் அளவில், செல் ஏற்கனவே ஹார்மோனைக் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது. வயிறு நிறைந்தவனுக்குப் பரிமாறிவிட்டு, சமையல் பிடித்ததா இல்லையா என்று அளக்க முடியுமா?

மீடியத்தின் சிவப்பு நிறமும் சும்மா இல்லை. அந்த நிறத்தைத் தரும் ஃபீனால் ரெட் சாயம் வலுவற்ற ஈஸ்ட்ரோஜனாக நடந்துகொள்கிறது என்று 1986இல் வெளியானது. ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டரோடு (செல்லில் ஹார்மோன் ஒட்டி வேலையைத் தொடங்கும் புரதம்) அது ஒட்டும் வலு எஸ்ட்ராடியாலின் ஒரு லட்சத்தில் ஒரு பங்குதான். ஆனால் மீடியத்தில் அது இருப்பதோ 15 முதல் 45 மைக்ரோமோலார். அளவு அவ்வளவு கூடும்போது வலுக்குறைவு ஈடாகிவிடுகிறது. சாயத்தைவிட, அதோடு கலந்து வரும் ஓர் அசுத்தமே பெரும்பாலும் காரணம் என்று 1988இல் காட்டினார்கள். நமக்கு அது எதுவானாலும் ஒன்றுதான்: ஃபீனால் ரெட் இல்லாத மீடியம் வாங்க வேண்டும். பலர் மீடியத்தை மாற்றிவிட்டு ட்ரிப்சினை மறந்துவிடுவார்கள். குடுவையிலிருந்து செல்லைப் பிரித்தெடுக்கும் ட்ரிப்சின்-இடிடிஏவிலும் அதே சிவப்பு இருக்கிறது, அதையும் நிறமில்லாததாக வாங்குங்கள்.

சீரத்தைக் கரி போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். தயாராகவும் கிடைக்கிறது. விலை கட்டுப்படியாகாது என்றால் நீங்களே செய்யலாம். 5% கரி, 0.5% டெக்ஸ்ட்ரான் டி-70 இரண்டையும் சுத்தமான தண்ணீரில் கலந்து, எவ்வளவு சீரமோ அதே கொள்ளளவுக்கு எடுத்து, 1000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றி, மேல்தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அடியில் தங்கிய கரியில் சீரத்தை ஊற்றி 37 டிகிரியில் ஒரு மணி நேரம் மெதுவாக உருட்டுங்கள். மறுபடி 1000 ஜி-யில் 20 நிமிடம் சுற்றி, மேல் சீரத்தை 0.45 மைக்ரான் வழியாகவும் பிறகு 0.22 வழியாகவும் வடிகட்டுங்கள். நேரடியாக 0.22இல் ஊற்றினால் கரித்தூள் அடைத்துக்கொள்ளும், பாதிச் சீரம் வீண். வடித்த பிறகும் அடியில் கறுப்பாகத் தெரிந்தால் இன்னொரு முறை சுற்றுங்கள், மிச்சக் கரி நீங்கள் போடும் மருந்தையே உறிஞ்சிவிடும். கரி ஹார்மோனை மட்டும் தேர்ந்து எடுப்பதில்லை, வேறு சில சத்துகளும் போய்விடும். அதனால் செல் மந்தமாக வளரும். அது குறை இல்லை, அந்த மந்தம்தான் உங்களுக்கு வேண்டிய அடித்தளம். பரிசோதனை முடியும் வரை ஒரே லாட் சீரத்தை ஒரே தடவையில் தயாரித்துப் பிரித்து -20இல் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலினை மறக்க வேண்டாம். எம்சிஎஃப்-7 வளர்ப்பு மீடியத்தில் 10 மைக்ரோகிராம்/மி.லி. இன்சுலின் போடும் வழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. இன்சுலினே இந்தச் செல்லை வளரத் தள்ளிவிடும், ஹார்மோன் வித்தியாசம் அதில் அமுங்கிப்போகும். பரிசோதனை மீடியத்தில் அதை விட்டுவிடுங்கள்.

செல்லைப் பொறுத்தவரை, எம்சிஎஃப்-7 என்ற பெயரில் உலகம் முழுக்கச் சுற்றும் செல்கள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. 1973இல் மிச்சிகனில் உருவாக்கப்பட்டதிலிருந்து எத்தனையோ கிளைகள். சில கிளைகள் எஸ்ட்ராடியாலுக்கு ஆறு மடங்கு பெருகும், சில ஒன்றரை மடங்குகூடத் தாண்டாது. பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்கிய, பாசேஜ் எண் (எத்தனை முறை பிரித்து வளர்த்தது என்ற கணக்கு) தெரியாத குடுவை என்றால் அதை நம்பி இரண்டு மாதத்தைக் கொடுக்காதீர்கள். புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வரவழைத்து, வந்தவுடனே பத்துப் பதினைந்து குப்பி உறையவைத்து, 15 பாசேஜுக்குள் வேலையை முடித்துவிடுங்கள். செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா கிருமி இருக்கிறதா என்று பிசிஆரில் பார்த்துவிடுங்கள். மைக்கோபிளாஸ்மா எம்டிடியையே மாற்றும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது.

பரிசோதனைக்கு முன் செல்லைப் பட்டினி போட வேண்டும். பாஸ்பேட் பஃபரால் இரண்டு முறை கழுவி, ஃபீனால் ரெட் இல்லாத மீடியம், 5% கரிச்சீரம் இதில் மூன்று நாள். இடையில் ஒரு முறையாவது மீடியத்தை மாற்றுங்கள், செல்லுக்குள் தங்கிய ஹார்மோன் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்காக வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பட்டினி போட்டுவிடாதீர்கள். ஹார்மோன் இல்லாமலே வளரப் பழகிய செல்கள் அதில் மேலெழும், பிறகு அந்தக் குடுவை எதற்கும் ஆகாது.

இப்போதும் எக்ஸ்ட்ராக்டைத் தொடாதீர்கள். முதலில் எஸ்ட்ராடியால் வளைவு. 2.72 மில்லிகிராம் எஸ்ட்ராடியாலை 1 மி.லி. எத்தனாலில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதிலிருந்து படிப்படியாகக் குறைத்து, கடைசி அளவு 0.1 பிகோமோலார் முதல் 10 நானோமோலார் வரை வரும்படி ஆயிரம் மடங்கு ஸ்டாக்குகள் தயாரியுங்கள். பிளேட்டின் எல்லா வெல்லிலும் (குழியிலும்) கரைப்பானான எத்தனால் அல்லது டிஎம்எஸ்ஓ 0.1% மட்டுமே, ஹார்மோன் இல்லாத கண்ட்ரோலிலும் அதே 0.1%. ஒவ்வொரு நீர்ப்பிலும் பிப்பெட் டிப்பை மாற்ற வேண்டும். ஒரே டிப்பில் கீழிறங்கினால் டிப் சுவரில் ஒட்டிய ஹார்மோன் அடுத்த குழாய்க்கும் போய், வளைவு இடப்பக்கம் நகர்ந்துவிடும். பிளேட்டில் போடும்போது குறைந்த அளவிலிருந்து கூடிய அளவுக்குப் போங்கள். ஸ்டாக்கை டெஃப்லான் மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் வையுங்கள், ஸ்டீராய்டு பிளாஸ்டிக்கில் ஒட்டும்.

96 வெல் பிளேட்டில் வெல்லுக்கு 4,000 செல், 100 மைக்ரோலிட்டர். எம்சிஎஃப்-7 கொத்துக் கொத்தாக ஒட்டும் செல், பிப்பெட்டில் நன்றாகப் பிரித்துவிட்டு எண்ணுங்கள். ஊற்றியதும் இன்குபேட்டருக்கு ஓடாமல் பிளேட்டை அசையாமல் அரை மணி நேரம் ஹூட்டிலேயே வையுங்கள், செல் சீராகப் படியும். வெளிச்சுற்று 36 வெல்லிலும் பரிசோதனை வேண்டாம், வெறும் பஃபர் ஊற்றிவிடுங்கள். ஆறு நாள் வைக்கும் பிளேட்டில் ஓரம் வற்றுவது எங்கும் உண்டு. சித்திரை, வைகாசியில் கரண்ட் போய் இன்குபேட்டர் மறுபடி சூடேறும் மதுரை ஆய்வகத்தில் அது இன்னும் மோசம். இன்குபேட்டர் தட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

நீங்கள் வைத்த 48 மணி நேரம் போதாது. இந்தச் செல் ஒரு முறை இரட்டிக்கவே ஒன்றரை நாள்போல் எடுக்கும். ஒன்றரை முறை பிரிந்த செல்லில் ஹார்மோன் வித்தியாசம் எப்படித் தெரியும்? 1995இல் ஆனா சோட்டோ குழுவினர் விரிவாக வெளியிட்ட ஈ-ஸ்கிரீன் முறையில் (எம்சிஎஃப்-7 பெருக்கத்தை வைத்து ஈஸ்ட்ரோஜன் செயலை அளப்பது) ஆறு நாள் விடுவார்கள். மூன்றாம் நாள் மீடியத்தையும் மருந்தையும் புதிதாக மாற்றுங்கள். ஆறாம் நாள் முடிவில், எஸ்ட்ராடியால் போட்ட வெல்லில் கண்ட்ரோலைப்போல் குறைந்தது மூன்று மடங்கு செல் இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். ஒன்றரை மடங்குதான் வருகிறது என்றால் எக்ஸ்ட்ராக்டுக்குப் போகாமல் காரணத்தைத் தேடுங்கள்: கரி சரியாக வேலை செய்யவில்லை, செல் வயதாகிவிட்டது, ஆரம்பத்திலேயே அடர்த்தியாக ஊற்றிக் கண்ட்ரோல் வெல்லும் நிரம்பிவிட்டது, இன்சுலின் எங்கோ ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று.

அளப்பதற்கு எம்டிடியை விட்டுவிடுங்கள். எம்டிடி செல்லை எண்ணுவதில்லை, மஞ்சள் உப்பை ஊதாவாக மாற்றும் ஒடுக்க வேலையை அளக்கிறது. அந்த வேலையைச் செய்யச் செல் தேவையே இல்லை. பாலிஃபீனால் நிறைந்த தாவர எக்ஸ்ட்ராக்ட் தானாகவே எம்டிடியை ஊதாவாக்கும். செல் இல்லாத வெல்லில் மீடியம், எக்ஸ்ட்ராக்ட், எம்டிடி மூன்றை மட்டும் போட்டு நான்கு மணி நேரம் வையுங்கள். ஊதா வந்தால் உங்கள் 128இல் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடும். அதோடு, ஃபிளேவனாய்டுகள் செல் எண்ணிக்கையை மாற்றாமலே மைட்டோகாண்ட்ரியா வேலையை ஏற்றி இறக்கவும் செய்யும்.

செல்லின் புரதத்தில் ஒட்டும் எஸ்ஆர்பி சாயம் இதற்கு நல்ல மாற்று, செலவும் குறைவு. 100 மைக்ரோலிட்டர் மீடியத்தின் மேல் குளிர்ந்த 50% டிசிஏ (ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம்) 25 மைக்ரோலிட்டரை மெதுவாக விடுங்கள், கடைசி அளவு 10% ஆகும். 4 டிகிரியில் ஒரு மணி நேரம். ஐந்து முறை வாலைவடி நீரால் கழுவிக் காயவைத்து, 1% அசிட்டிக் அமிலத்தில் கரைத்த 0.4% எஸ்ஆர்பி அரை மணி நேரம், பிறகு 1% அசிட்டிக் அமிலத்தாலேயே நான்கைந்து முறை கழுவல். தண்ணீரால் கழுவினால் செல்லில் ஒட்டிய சாயமும் கரைந்து போகும், இந்தத் தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள். காய்ந்ததும் பிஹெச் 10.5 உள்ள 10 மில்லிமோலார் ட்ரிஸ் 200 மைக்ரோலிட்டரில் கரைத்து 540 நானோமீட்டரில் படியுங்கள். டிசிஏவில் நிலைப்படுத்திக் கழுவிக் காயவைத்த பிளேட் பல நாள் கெடாது. மாலையில் கரண்ட் போய்விட்டாலும் மறுநாள் சாயம் போட்டுக்கொள்ளலாம் என்பது நம் ஊருக்கு ஒரு வசதி.

இனி எக்ஸ்ட்ராக்ட். டிஎம்எஸ்ஓவில் 100 மி.கி./மி.லி. ஸ்டாக் இருந்தால் 0.1% சேர்க்கும்போது 100 மைக்ரோகிராம்/மி.லி. வரும். அதுதான் உச்ச வரம்பு, அதிலிருந்து மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டே 0.1 மைக்ரோகிராம் வரை இறங்குங்கள். உங்கள் ஸ்டாக் 10 மி.கி./மி.லி. ஆக இருந்து 200 மைக்ரோகிராம் போட்டிருந்தால், அந்த வெல்லில் டிஎம்எஸ்ஓ மட்டும் 2%. 60% ஆகக் குறைந்ததற்குக் கிழங்கைக் குறை சொல்லும் முன் நோட்டை எடுத்து இந்தக் கணக்கைப் பாருங்கள்.

முடிவைச் சொல்லும் கணக்கு எளிது. செல் பெருக்கம் கண்ட்ரோலைப்போல் எத்தனை மடங்கோ அதில் 1 கழியுங்கள். எஸ்ட்ராடியாலுக்கும் அப்படியே. முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். எஸ்ட்ராடியால் 5 மடங்கு, எக்ஸ்ட்ராக்ட் 3 மடங்கு என்றால் 2-ஐ 4-ஆல் வகுத்து 50%. இந்த எண்ணைச் சொன்னால்தான் இன்னொரு ஆய்வகத்தோடு ஒப்பிட முடியும். "கண்ட்ரோலைவிட 28% கூடியது" என்பதை எதோடும் ஒப்பிட முடியாது.

இவ்வளவும் செய்து பெருக்கம் வந்தாலும், அது ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் வழியாக வந்ததா என்பதற்கு ஒரே நேரடிக் கேள்வி இருக்கிறது: ரிசெப்டரை அடைத்தால் பெருக்கம் நிற்கிறதா? ஃபுல்வெஸ்ட்ரன்ட் என்ற மருந்து ரிசெப்டரோடு ஒட்டி அதைச் சிதைக்கவும் செய்யும். 1 மைக்ரோமோலார் போதும். பிளேட்டில் ஆறு கூட்டம் வேண்டும்: வெறும் கரைப்பான், எஸ்ட்ராடியால் 100 பிகோமோலார், எக்ஸ்ட்ராக்ட், ஃபுல்வெஸ்ட்ரன்ட் மட்டும், எஸ்ட்ராடியாலும் ஃபுல்வெஸ்ட்ரன்டும், எக்ஸ்ட்ராக்டும் ஃபுல்வெஸ்ட்ரன்டும். நான்காவது கூட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் குறைந்தது அடைப்பினாலா, ஃபுல்வெஸ்ட்ரன்டின் சொந்த நச்சினாலா என்று தெரியாது. கடைசிக் கூட்டம் நான்காவதன் அளவுக்கு இறங்கினால் நல்ல ஆதாரம். அடைத்த பிறகும் பெருக்கம் தொடர்ந்தால் கிழங்கு வேறு வழியில் செல்லைத் தள்ளுகிறது. இதற்குத் துணையாக, ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் ஆல்ஃபா இல்லாத எம்டிஏ-எம்பி-231 செல்லிலும் அதே எக்ஸ்ட்ராக்டைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் கூடினால் ஈஸ்ட்ரோஜன் கதை வலுவிழக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு உங்கள் கிழங்கின் மேலேயே சந்தேகம் வருகிறது. கணக்குப் போடுவோம். 10 மைக்ரோகிராம்/மி.லி. எக்ஸ்ட்ராக்டில் எஸ்ட்ராடியால் வெறும் 0.27 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.27 பங்கு) கலந்திருந்தால் வெல்லில் 10 பிகோமோலார் ஆகிவிடும். ஒரு கிராம் எக்ஸ்ட்ராக்டில் கால் மைக்ரோகிராம். எஸ்ட்ராடியாலை நிறுத்த அதே தராசு, அதே ஸ்பாச்சுலாவில் எக்ஸ்ட்ராக்டையும் நிறுத்தால் இது நடக்கக்கூடியதே. ஃபுல்வெஸ்ட்ரன்டும் உங்களைக் காப்பாற்றாது, ஏனெனில் அசுத்தமும் உண்மையான ஈஸ்ட்ரோஜன்தான், அதையும் அது அழகாக அடைத்துக் காட்டும். எஸ்ட்ராடியாலுக்குத் தனித் தராசோ, குறைந்தபட்சம் தனி நாளோ வையுங்கள். கரைத்த ஸ்டாக்காகவே வாங்கிவிட்டால் இன்னும் நல்லது.

பிளாஸ்டிக்கும் இதைச் செய்யும். 1980களின் கடைசியில் பாஸ்டனில் சோட்டோவும் சோனன்ஷைனும் ஹார்மோன் போடாத வெல்லிலும் செல் பெருகுவதைக் கண்டு தேடிப்போனபோது, சென்ட்ரிஃபியூஜ் குழாயின் பாலிஸ்டைரினிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனால் அகப்பட்டது. 1993இல் ஸ்டான்ஃபோர்டில், ஆட்டோகிளேவ் செய்த பாலிகார்பனேட் குடுவையிலிருந்து பிஸ்ஃபீனால்-ஏ. ஆகவே எக்ஸ்ட்ராக்ட் வேலை முழுதும் கண்ணாடியில். சாக்ஸ்லெட்டோ ஊறவைப்போ, எதுவானாலும், கிழங்கே போடாமல் அதே மெத்தனால், அதே வடிதாள், அதே ரோட்டரி எவாப்பரேட்டர் வழியாக ஒரு வெற்று எக்ஸ்ட்ராக்ட் எடுத்து அதையும் பிளேட்டில் ஓட்டுங்கள். ஆய்வேட்டைத் திருத்துபவர் முதலில் தேட வேண்டியது இந்த வெற்று ஓட்டத்தைத்தான், பலர் தேடுவதில்லை.

கடையில் வாங்கிய கிழங்கு எப்போது தோண்டியது, எங்கே உலர்த்தியது என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கோடு ஈரம் கோத்தால் பூஞ்சை பிடிக்கும். ஃபுசேரியம் இனப் பூஞ்சைகள் உண்டாக்கும் ஜீரலெனோன் தாவர ஈஸ்ட்ரோஜன்கள் பலவற்றைவிட வலுவானது, எம்சிஎஃப்-7 அதற்கு நானோமோலார் அளவிலேயே பெருகும். வயலில் தெளித்த பூச்சிமருந்தும் உண்டு: இந்தியாவில் 2011இல் தடை செய்யப்பட்ட எண்டோசல்ஃபான் வலுவற்ற ஈஸ்ட்ரோஜனாக நடப்பது இதே செல்லில் காட்டப்பட்டதுதான். கிழங்கைப் பிளந்து பாருங்கள், கறுப்போ வெண்பூப்போ இருந்தால் எறிந்துவிடுங்கள். இன்னும் நல்லது, வேரோடும் பூவோடும் செடியாகவே எடுத்து, ஒரு மாதிரியை உலர்த்தித் தாளில் ஒட்டி, திருச்சி ராபினட் ஹெர்பேரியம் போன்ற இடத்தில் அடையாளம் உறுதி செய்து எண் வாங்குவது. அழகர்மலை, சிறுமலைப் பக்கம் எடுப்பதானால் காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். வேலியோரம், தோட்டத்தில் வளர்த்தது கிடைத்தால் அந்தத் தொல்லை இல்லை. நிழலில் உலர்த்தி, தூளாக்கி, 50 கிராமுக்கு 500 மி.லி. 80% மெத்தனால், இருட்டில் மூன்று நாள், 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவைத்தால் போதும்.

தண்ணீர்விட்டானில் ஸ்டீராய்டு சப்போனின்கள் நிறைய. "ஸ்டீராய்டு" என்ற சொல்லைக் கண்டதும் ஹார்மோன் என்று தாவிவிடக் கூடாது. வெந்தயத்தில் வரும் டயோஸ்ஜெனினுக்கும் இதே கதி. ரஸ்ஸல் மார்க்கர் 1940களில் மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த டயோஸ்ஜெனினைப் புரோஜெஸ்டரோனாக மாற்றியது வேதியியல் குடுவையில். மனித உடம்பு அந்த மாற்றத்தைச் செய்வதில்லை. சப்போனினின் உண்மையான குணம் சோப்பு. நுரைக்கும், செல் சவ்வைத் துளைக்கும். அளவு கூடக்கூடச் செல் சாவதற்கு அதுவே போதுமான விளக்கம். 200 மைக்ரோகிராமில் வந்த 60%-ஐ "புற்றுநோய் எதிர்ப்பு" என்று எழுத ஆசை வரும். அதே ஏட்டில் 25 மைக்ரோகிராமில் மார்பகப் புற்றுச் செல்லைப் பெருக்கியது என்றும் எழுதியிருப்பீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் சிரிப்பார்.

குறைந்த அளவில் ஏற்றமும் கூடிய அளவில் இறக்கமும் சேர்ந்து வருவது அரிதில்லை. சோயாவின் ஜெனிஸ்டீன் 0.1 முதல் 10 மைக்ரோமோலார் வரை இந்தச் செல்லைப் பெருக்கும், அதற்கு மேலே போனால் டைரோசின் கைனேஸைத் தடுத்து நிறுத்தும். ஒரே அளவில் மட்டும் சோதித்தால் எந்தப் பக்கத்தைப் பிடித்தீர்கள் என்று தெரியாது.

இரண்டாவதாக ஒரு சோதனை வேண்டும், செல் பெருக்கத்தைச் சாராதது. ஈஸ்ட் வைத்துச் செய்யும் முறைக்குக் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் தேவையில்லை, 32 டிகிரி போதும், சிறிய கல்லூரியிலும் நடக்கும். ஆனால் உங்கள் செடிக்கு அதை நான் சொல்ல மாட்டேன்: சப்போனின் பூஞ்சைக் கொல்லி, ஈஸ்டையே கொன்றுவிட்டு "செயல் இல்லை" என்று காட்டும். ரிசெப்டர் தூண்டப்பட்டால் ஒளிரும்படி மாற்றிய லூசிஃபெரேஸ் செல்கள் நல்லவை, ஓஇசிடி அமைப்பின் 455ஆம் சோதனை வழிகாட்டியும் இருக்கிறது. அங்கே பொறி வேறு: ஜெனிஸ்டீன் போன்ற தாவர ஈஸ்ட்ரோஜன்கள் 1 மைக்ரோமோலாருக்கு மேல் லூசிஃபெரேஸ் ஒளியை எஸ்ட்ராடியாலின் உச்சத்தையும் தாண்டி ஊதிப்பெருக்கும். எஸ்ட்ராடியாலை மிஞ்சிய எண் வந்தால் மகிழாமல் சந்தேகப்படுங்கள். எல்லாவற்றையும் பார்த்தால் உங்களுக்கு ஏற்றது, ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் ஆர்டி-பிசிஆர். பட்டினி போட்ட செல்லில் 24 மணி நேரம் எக்ஸ்ட்ராக்ட் வைத்து, ஈஸ்ட்ரோஜனுக்கு எழும் பிஎஸ்2, புரோஜெஸ்டரோன் ரிசெப்டர், கிரெப்1 இந்த மூன்று ஜீன்களும் எழுகின்றனவா, ஃபுல்வெஸ்ட்ரன்ட் போட்டால் மூன்றும் விழுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் எழுந்தால் போதாது.

எதிர்மறை முடிவையும் கவனமாகப் படிக்க வேண்டும். தாவரத்தில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையோடு கட்டுண்ட வடிவம், அது ரிசெப்டரில் சரியாக ஒட்டாது. பீட்டா-குளுக்கோசிடேஸ் போட்டு உடைத்த பிறகும் ஒரு முறை சோதியுங்கள். குடல் கிருமிகள் செய்யும் மாற்றமோ பிளேட்டில் நடக்கவே நடக்காது. நல்லெண்ணெயில் உள்ள செசமின் குடலுக்குள் போய்த்தான் ஈஸ்ட்ரோஜன் போன்ற என்டெரோலாக்டோனாக மாறுகிறது. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் க்ளோவர் புல் மேய்ந்த ஆடுகள் சினை பிடிக்காமல் போனதும் இந்த வகைதான்: புல்லில் இருந்தது ஃபார்மோனோனெட்டின், அசைபோடும் இரைப்பையில் உருவானது அதைவிட வலுவான ஈஸ்ட்ரோஜனாக நடக்கும் ஈக்வால். புல்லை நேராகச் செல்லில் போட்டிருந்தால் முழு வேகம் தெரிந்திருக்காது.

தாய்ப்பால் விஷயம். நாட்டில் இந்தக் கிழங்குக்கு அந்தப் பேர் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பால் சுரப்பை நடத்துவது புரோலாக்டின். எம்சிஎஃப்-7 பெருக்கத்தில் அது தெரியாது. ஈஸ்ட்ரோஜனோ கூடிய அளவில் பாலைக் குறைக்கக்கூடியது. ஒரு காலத்தில் பிரசவத்துக்குப் பின் பாலை நிறுத்தவே ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். எனவே கிழங்கு ஈஸ்ட்ரோஜன் போல நடக்கிறது என்று நீங்கள் நிரூபித்தாலும், அது அந்தக் கூற்றுக்குத் துணை வருவதைவிட எதிராகவே நிற்கும்.

புள்ளியியலில் ஒரே வார்த்தை. ஒரு பிளேட்டில் ஆறு வெல் என்பது ஆறு பரிசோதனை இல்லை, ஒன்று. வேறு வேறு நாளில், வேறு வேறு பாசேஜில், புதிதாக நீர்த்த மருந்தோடு மூன்று முறை செய்தால்தான் மூன்று.

ஆய்வேடு கொடுக்க ஒரு மாதம்கூட இல்லை என்றால் எல்லாவற்றையும் தொடாதீர்கள். முதல் நாளே செல் இல்லாத எம்டிடி வெல். அது ஊதாவானால் 128-ஐ அன்றே மறந்துவிடலாம். ஆகாவிட்டால் ஃபீனால் ரெட் இல்லாத மீடியம், கரிச்சீரம், எஸ்ட்ராடியால் வளைவு. அது மூன்று மடங்கு வந்த பிறகு ஃபுல்வெஸ்ட்ரன்டோடு ஆறு கூட்டம், கூடவே வெற்று எக்ஸ்ட்ராக்ட். நேரம் அதற்கும் போதவில்லை என்றால், கையில் உள்ள பிளேட்டைப் பற்றி இப்படி எழுதுங்கள்: "10% சீரமும் ஃபீனால் ரெட்டும் உள்ள மீடியத்தில், 48 மணி நேரத்தில், 25 மைக்ரோகிராம்/மி.லி. எக்ஸ்ட்ராக்ட் எம்டிடி அளவீட்டைக் கண்ட்ரோலின் 128% ஆக உயர்த்தியது. இது ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் வழியாக நடந்ததா என்பது சோதிக்கப்படவில்லை."